கையடக்க கேம் கருவி: கை பலம் குறைந்தவர்களுக்கு எடை ஏன் முக்கியம்?

கையில் பிடித்தபடியே விளையாடும், திரையும் பட்டன்களும் சேர்ந்த கருவிதான் இது. நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் சுமார் 275 கிராம். முதலில் வந்த ஸ்டீம் டெக் சுமார் 669. கட்டைவிரல்கள் பட்டன்களில் ஓடிக்கொண்டிருக்க, எடை முழுவதும் மற்ற விரல்களிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்காகச் சர்க்கரைச் சொம்பு ஏந்தி வைகையில் நிற்பவர்களைக் கேளுங்கள்: இடுப்பில் அணைத்தால் ஒன்றுமில்லை, நீட்டிய கையில் கொஞ்ச நேரத்திலேயே நடுக்கம் வந்துவிடும். சரி, என்ன செய்யலாம்? மடியில் தலையணை வைத்துக் கையை ஊன்றிக்கொள்ளலாம். சாதாரண ஸ்விட்ச் என்றால் இன்னும் நல்லது. திரையை மேசையில் நிறுத்திவிட்டு, இரு பக்கமும் பட்டன்களோடு இருக்கும், தலா 50 கிராம் அளவுள்ள ஜாய்-கான் என்ற பகுதிகளை மட்டும் கழற்றிப் பிடிக்கலாம். எடை குறைந்தால் போதும் என்று ஸ்விட்ச் லைட்டை வாங்குகிறவர்கள் உண்டு. அதில் ஜாய்-கான் கழறாது, நிறுத்திவைக்கத் தாங்கியும் கிடையாது.