தாழ்ந்த காரும் ஏறிய முற்றமும்: வாசகர் கேள்வி–பதில்

கம்பெனியிலிருந்தே தாழ்வாக வரும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து குமரி மாவட்டத்துக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி) 110 மி.மீ., வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) 2,700 மி.மீ. வீட்டு முற்றம் ரோட்டைவிட 75 செ.மீ. உயரம். 5 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சரிவு போட்டிருக்கிறோம். ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் உரசுகிறது. மேலே போய்ச் சேரும்போது நடுவயிறு உரசுகிறது. சரிவையே இடித்துக் கட்ட வேண்டுமா?
— தக்கலை வாசகர்

பதில்: சரிவு அதிகம் என்பதைவிட, அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் திடீரென முறிவதுதான் உங்கள் பிரச்சினை. 5 மீட்டரில் 75 செ.மீ. என்றால் 15 சதவீதச் சரிவு. மட்டமான முற்றத்தை அது சந்திக்கும் முனை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சரி நடுவில் வரும்போது எவ்வளவு மேலே துருத்தும் என்று கணக்குப் போடலாம். வீல்பேஸை நாலால் வகுத்து, சரிவு மாறும் அளவால் பெருக்குங்கள்: 2,700 ÷ 4 × 0.15 = 101 மி.மீ. உங்களிடம் இருப்பது 110. இரண்டு பேர் உட்கார்ந்து டேங்க்கும் நிறைந்தால் கார் 10 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும். அப்புறம் உரசாமல் என்ன செய்யும்?

முன்பக்கக் கணக்கும் இதே மாதிரிதான். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் நுனி 85 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் சரிவின் அடியைத் தொடும்போது பம்பருக்குக் கீழே தரை ஏற்கெனவே 127 மி.மீ. உயர்ந்திருக்கும். பம்பர் நுனி 120 மி.மீ. உயரத்தில் இருந்தால் அது தட்டியே தீரும். உங்கள் காரில் இந்த இரண்டு அளவையும் டேப் வைத்து எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் கம்பெனி போட்டிருக்கும் ஒற்றை எண் இதற்குப் போதாது.

முறிவை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. மொத்த நீளத்தை 7 மீட்டர் ஆக்குங்கள். முதல் 2 மீட்டரில் 14 செ.மீ., அடுத்த 3 மீட்டரில் 45 செ.மீ., கடைசி 2 மீட்டரில் 16 செ.மீ. ஏறட்டும். மேல் முனையில் 101 மி.மீ. துருத்தியது இப்போது 54 மி.மீ. ஆகக் குறையும், பம்பருக்குக் கீழே 127 மி.மீ. உயர்ந்தது 60 ஆகும். கேட்டுக்கு உள்ளே, சரிவின் அடிக்கு முன்னால், ஒரு மீட்டர் இடம் இருந்தால் நடுவில் உள்ள 3 மீட்டரைத் தொடவே வேண்டாம். இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் நீட்டினால் போதும். பழைய சரிவோடு ஒரு செ.மீ. வித்தியாசத்துக்குள் சேர்ந்துவிடும். சரிவு கேட்டை ஒட்டியே தொடங்கினால் கொஞ்சம் செலவுதான்: அதைச் சுமார் 16 செ.மீ. இறக்கி, கூடுதல் 2 மீட்டரையும் முற்றத்துப் பக்கமே எடுக்க வேண்டும். ஓடை சிலாப்புக்கு மேல் ரோட்டுப் பக்கம் நீட்ட வேண்டாம். ஊராட்சிக்காரர் வந்து கேட்டால் பதில் இருக்காது. மழைத் தண்ணீரும் அடைபடும்.

கொத்தனாரிடம் லெவல் டியூப் வைத்து ஒவ்வொரு மீட்டருக்கும் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கண்ணளவு இதில் உதவாது. மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்கவும் விடாதீர்கள். இங்கே இரண்டு பருவமழையிலும் பாசி பிடிக்கும். பின்சக்கரம் இழுக்கும் கார், அகல டயரோடு அதில் வழுக்கிக்கொண்டே நிற்கும். ஈரம் காயும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும்.

கேள்வி: வேகத்தடையில் காரைச் சாய்த்து ஏற்றினால் தட்டாது என்கிறார்கள். நான் சாய்த்து ஏற்றியும் அடி உரசுகிறதே?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: சாய்த்து ஏற்றினால் மூக்கு தப்பும். வயிறு தப்பும் என்று சொல்ல முடியாது.

சாலைகளுக்குத் தர விதிகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. 2,700 மி.மீ. வீல்பேஸ் கொண்ட கார் அதன் மேல் நிற்கும்போது நான்கு சக்கரமும் வளைவின் மேலேயே இருக்கும். வயிற்றுக்குக் கீழே துருத்துவது 54 மி.மீ. மட்டுமே. 110 மி.மீ. காரை நேராகவே ஓட்டிப் போகலாம். நம் ஊர்த் தெருக்களில் ஆளாளுக்குப் போட்டிருக்கும் தடை அப்படியா இருக்கிறது? ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. நடுவில் 150 மி.மீ. திட்டு, மேலே 110 மி.மீ. வயிறு. 30 டிகிரி சாய்த்தாலும் வயிற்றின் மையம் திட்டைத் தாண்டும் நேரத்தில் எந்தச் சக்கரமும் திட்டின் மேல் இருக்காது. 45 டிகிரி சாய்த்தால்தான் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்கள் திட்டின் மேல் இருந்து காரைத் தூக்கிப் பிடிக்கும். அதற்குக் கார் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மார்த்தாண்டம் சந்தை நேரத்தில் இது நடக்கிற காரியமா? அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பதே நல்லது.

தாண்டக்கூடிய தடைகளில் கவனிக்க வேண்டியது பிரேக். மிதித்தபடியே ஏறினால் மூக்கு குனிந்து, இருக்கும் உயரத்திலும் ஓரிரு செ.மீ. போய்விடும். தடைக்கு ஒரு மீட்டர் முன்பே நின்று, பிரேக்கை முழுதாக விட்டு, கார் நிமிர்ந்த பிறகு ஊர்ந்து ஏறுங்கள். இறங்கும்போதும் அப்படியே. சாய்ப்பதற்கு முன் இடது கண்ணாடியைப் பாருங்கள்; நீங்கள் வழி விடுவதாக நினைத்து பைக்காரர் உள்ளே நுழைந்துவிடுவார்.

மூக்கைத் தூக்கும் வசதி உள்ள மாடல் என்றால் அது 30 முதல் 40 மி.மீ. வரை தூக்கும். முன் அச்சை மட்டும்தான் தூக்குகிறது. நடுவயிற்றுக்குக் கிடைப்பது அதில் பாதி. தூக்க சில வினாடி ஆகும் என்பதால் பட்டனைத் தடைக்கு முன்பே அழுத்திவிட வேண்டும்.

உரசிவிட்டால் அன்றே குனிந்து பாருங்கள். அடித்தட்டின் கிளிப் ஒன்று போயிருந்தால் வேகத்தில் காற்று அதைக் கிழித்து முன் சக்கரத்துக்குள் தள்ளும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப்பில் அடி விழுந்து ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அடிபட்ட சம்ப்புக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். ஆயில் இல்லாமல் மேலும் ஓட்டி எஞ்சின் பிடித்துப்போனால், எஞ்சின் பாதுகாப்பு ஆட்–ஆன் இல்லாத சாதாரண பாலிசி அதைத் தொடர் சேதம் என்று தள்ளிவிடும்.

கேள்வி: பார்ப்பதற்கு இன்னும் அழகாக இருக்க 25 மி.மீ. இறக்க ஆசை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டாம். ஏற்கெனவே தாழ்ந்த காரில் சக்கரம் மேலே எழும்ப இருக்கும் பயணமே குறைவு. அதில் 25 மி.மீ. எடுத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். வளைவில் முட்டினால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று விட்டுப்போகும். வேகமாக ஓடுவதற்கு என்று வாங்கிய கார் வேகமாக ஓட லாயக்கற்றதாகிவிடும். இறக்கும்போது கேம்பரும் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன் பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் தெரியும், உள்ளே கம்பி வெளிவந்திருக்கும். ஹெட்லைட் மட்டம், முன் கேமரா என்று திரும்பச் சரிசெய்ய வேண்டியதும் நிறைய. இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டித் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்; வெட்டிய சுற்று இருக்கையில் சரியாக உட்காராது.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் சான்று பெற்ற விவரங்களிலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கம்பெனியிலிருந்தே தாழ்வாக வந்த காருக்கு இந்தத் தொல்லை இல்லை. செக்போஸ்டில் கேட்டால் ஆர்.சி.யும் கம்பெனியின் விவரத் தாளும் போதும்.

கேள்வி: குழியில் விழுந்த பிறகு என் 245/35 ஆர்19 டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்திருக்கிறது. காற்று இறங்கவில்லை. ஓட்டலாமா?
— குலசேகரம் வாசகர்

பதில்: ஓட்டக்கூடாது. உள்ளே நூல் அறுந்து, வெளி ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பஞ்சர் வேலை கிடையாது. டயரைத்தான் மாற்ற வேண்டும். உங்களுடைய 245/35 ஆர்19 டயரின் பக்கச் சுவர் உயரம், அகலமான 245 மி.மீ.இல் 35 சதவீதம், அதாவது வெறும் 86 மி.மீ. குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நூல் நசுங்கியே போகும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் எளிதாக நசுங்கும். அதனால் வாரம் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். புது டயரின் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம் செய்தது. அதே அச்சில் உள்ள மறு டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். ரிம்மையும் கழற்றிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் கண்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது.

கேள்வி: பஞ்சர் கடை ஜாக் காருக்கு அடியில் நுழையவே இல்லை. அவசரத்துக்கு என்ன செய்வது?
— அழகியமண்டபம் வாசகர்

பதில்: சாதாரண டிராலி ஜாக்கின் தலை, இறக்கிய நிலையிலேயே 13 செ.மீ. அளவு நிற்கும். 8 செ.மீ.க்குக் குறைவாக இறங்கும் லோ புரொஃபைல் ஜாக் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாதபோது 4 செ.மீ. கனமும் ஓரடி அகலமும் உள்ள இரண்டு பலகை இருந்தால், சக்கரங்களை அதில் ஏற்றிவிட்டு ஜாக் போடலாம். முனையைச் சாய்வாகச் சீவிய பலகை நல்லது. ஜாக்கைக் கதவுக்குக் கீழே குறித்திருக்கும் இடத்தில், நடுவில் ரப்பர் கட்டை வைத்து மட்டுமே போட வேண்டும். தட்டையாகத் தெரியும் அடித்தட்டில் போட்டால் அது பொத்துக்கொள்ளும்.

இழுத்துப் போக வேண்டி வந்தால், காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டிதான். முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் கிரேன் வேண்டாம். பிளாட்பெட்டில் ஏற்றவும் அதே பலகைகள் உதவும். இழுவைக் கொக்கி டூல் பெட்டியில் இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் அதன் மரை இடப்பக்கம் திருகினால்தான் ஏறும்.

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி. தினமும் மணலும் உப்பும் படிகிறது. தினம் துடைக்கிறேன், பெயின்ட் முழுக்க மெல்லிய கோடு.
— மணவாளக்குறிச்சி வாசகர்

பதில்: துடைப்பதால்தான் கோடு. உங்கள் ஊர் மணலில் இல்மனைட், ஜிர்கான், மோனசைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது. காய்ந்த துணியால் துடைப்பது அந்த உப்புத்தாளால் காரைத் தேய்ப்பதுதான். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்குங்கள். பிறகு ஷாம்பு நுரை. அதன் பிறகே மைக்ரோஃபைபர், அதுவும் இரண்டு வாளி வைத்து, ஒன்றில் அலசி மற்றொன்றில் நனைத்து. சக்கர வளைவு, அடித்தட்டின் ஓட்டைகள், பம்பர் வலைக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர் ஆகியவற்றுக்கும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் போகட்டும். ரேடியேட்டருக்கு அருகில் அழுத்தம் வேண்டாம், துடுப்பு வளைந்துவிடும். மூக்கிலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது இந்த ஊரில் வீண் செலவல்ல.

கழுவிய கையோடு நிறுத்திவிடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாகப் பல முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். காலையில் தெரியும் ஆரஞ்சு நிறத் துரு அப்படிப் போய்விடும். காரை நாள்கணக்கில் ஈரத்தோடு விட்டால் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். காற்று புகாத பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துவைப்பது அதுதான்.

கேள்வி: மழையில் ரோட்டில் தேங்கும் தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரை போகலாம்?
— களியக்காவிளை வாசகர்

பதில்: பம்பரின் கீழ் விளிம்பு வரை, அதுவும் நடை வேகத்தில். அதற்கு மேல் இருந்தால் திரும்பிவிடுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் காற்று உறிஞ்சும் வாய் முன்பக்கத்திலேயே இருக்கும். எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை ஒன்றே போதும். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரில் புகுந்த தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

கேள்வி: ஆரல்வாய்மொழிக் காற்றில் இவ்வளவு தாழ்ந்த கார் ஆடுமா?
— தோவாளை வாசகர்

பதில்: உயரமான எஸ்.யு.வி.யைவிடக் குறைவாகவே ஆடும். நிறுத்தும்போதுதான் கவனம் தேவை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. காற்று பின்னாலிருந்து வந்தால் திறந்த கதவைப் பிடுங்கி முன்னால் அடித்து கீலை வளைத்துவிடும். மூக்கு காற்றைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். கதவைக் கையால் பிடித்தபடியே திறங்கள்.