எச்சத்தில் வெள்ளைப் புழு: கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு

12 நாட்டுக்கோழியும் நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு துருத்துகிறது, எச்சத்தில் வெள்ளையாக ஏதோ கிடக்கிறது என்கிறீர்கள். முதலில் குச்சியால் கிளறிப் பாருங்கண்ணா. சேமியா போல நீளமாக இருந்தால் உருண்டைப்புழு. அரிசி போலத் துண்டு துண்டாக இருந்தால் நாடாப்புழு. பைப்பரசின் என்ற குடற்புழு மருந்து உருண்டைப்புழுவுக்குத்தான் கேட்கும், அதுவும் வளர்ந்த புழுவுக்கு. அதனால் 2, 3 வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கு மருந்தே வேறு. இது தெரியாமல் நான் பைப்பரசினையே மூன்று தடவை தண்ணீரில் கலக்கி வைத்தேன், காசுதான் போனது.

எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துப்போய் மிருகாஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். எடைக்கேற்ற அளவையும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

அப்புறம், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கூண்டடி ஈரமாகவே கிடக்கும். புழுமுட்டைக்கு அதுதான் கொண்டாட்டம். எச்சத்தை அடிக்கடி வாரிவிட்டு, சுண்ணாம்பு தூவிக் காயவிடுங்கள்.