ஆயிரம் படங்களில் ஒரு முகம்: மென்பொருளுக்குப் பணம் தர வேண்டுமா?

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம் வருகிறது. குடும்பப் படங்களையே சிறு கட்டங்களாக அடுக்கி, தள்ளி நின்று பார்த்தால் அவர் முகம் தெரியும்படி 24க்கு 36 அங்குலத்தில் ஒரு படம் செய்து மண்டபத்தில் வைக்க எண்ணுகிறோம். தண்டையார்பேட்டையில் ஒரு கடையில், அச்சுக்கூலி போக மென்பொருளுக்கென்று தனித் தொகை கேட்கிறார்கள். கையில் 600 படங்கள் உள்ளன. வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா? (வாசகர், இராயபுரம்)

பதில்: முடியும், அந்தத் தனித் தொகை தேவையற்றது. விண்டோஸ் கணினிக்கு ஆண்ட்ரியாமொசைக், லினக்ஸுக்கு மெட்டாபிக்சல் ஆகிய இரண்டும் இலவசம். பின்னதைக் கட்டளை தட்டித்தான் இயக்க வேண்டும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் முன்னதையே, அதன் சொந்தத் தளத்திலிருந்து, இறக்கிக்கொள்ளலாம்.

மென்பொருள் உங்கள் படங்களின் நிறங்களை அளந்து வைத்துக்கொண்டு, தாத்தாவின் முகத்திலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் மிக நெருங்கிய நிறமுள்ள படத்தைப் பொருத்துகிறது. 40க்கு 60 என்று பிரித்தால் 2400 கட்டங்கள், ஒவ்வொன்றும் 0.6 அங்குலம். 600 படங்கள் என்றால் ஒவ்வொரு படமும் சராசரியாக நான்கு முறை வரும். ஒரே படம் அருகருகே வராதபடி இடைவெளி விடச் சொல்லும் அமைப்பு உண்டு, அதை மறவாதீர்கள். எண்ணிக்கையைவிட நிறவகையே முக்கியம். கல்யாண மேடைப் படங்கள் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளுமாகவே இருக்கும். நரைத்த தலைக்கு வெளிர்நிறம் எங்கிருந்து வரும்? மொட்டைமாடி வானமும் காசிமேட்டுக் கடலும் விழுந்த படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டம் சிறிது என்பதால் வாட்ஸ்அப்பில் வந்த படங்களே போதும். தாத்தாவின் மூலப்படம் மட்டும் முகம் நிறைந்து, தெளிவாக இருக்கட்டும்.

நிறமாற்றம் என்ற அளவை ஏற்றினால் எந்தப் படமும் பொருந்திவிடும், ஆனால் பேரப்பிள்ளைகளின் முகமெல்லாம் ஒரே சாயம் பூசினாற்போல் ஆகிவிடும். கடையில் மாதிரி காட்டினாலும் இதைத்தான் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

பணத்தை அச்சுக்குச் செலவிடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 7200க்கு 10800 அளவில் கோப்பைச் சேமித்து, மண்டப விளக்கில் பளபளக்காத மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். ரசீது தராதிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை; ஆகவே தாளின் வகையையும் அளவையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழுப்படத்துக்கு முன், கண் வரும் பகுதியை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டு, பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள்.