டெக்சாஸில் வீடு, கலிஃபோர்னியாவுக்கு வரி ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். வீடு டெக்சாஸில், இங்கே மாநில வருமான வரி கிடையாது. ஆனால் அணி கொடுத்த டபிள்யூ-2 படிவத்தில் (வருஷச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுவது) கலிஃபோர்னியா, ஒஹாயோ என்று பத்துப் பதினைந்து மாநிலங்களுக்குப் பிடித்தம் செய்திருக்கிறார்கள். "நீங்கள் டெக்சாஸ்காரர், அத்தனையும் திரும்ப வாங்கித் தருகிறேன், ரீஃபண்டில் 20 சதவீதம் எனக்கு" என்கிறார் ஒருவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் இந்த மாநிலங்கள் பார்ப்பதில்லை. எந்த ஊரில் நின்று வேலை செய்தீர்களோ, அந்த ஊர்க்காரன் தன் பங்கைக் கேட்பான். இதற்கு 'ஜாக் டாக்ஸ்', அதாவது விளையாட்டு வீரர் வரி, என்று பெயர் இருப்பதால் நட்சத்திர வீரர்களுக்கு மட்டுமென்று பலர் நினைக்கிறார்கள். அணியோடு பயணிக்கும் பயிற்சியாளர், டிரெய்னர், பிசியோ எல்லோரும் இதில் அடக்கம்.

1991 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிப் போட்டியில் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை வென்றது. அந்த வீரர்களிடம் கலிஃபோர்னியா வரி கேட்டது. மறு வருஷமே சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் பதிலுக்குச் சட்டம் போட்டது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகக் கையை நீட்டின. இரண்டு மாநிலங்களின் வீம்பில் வளர்ந்த வழக்கத்தால், வீரர்களுக்குக் கட்டு போடுகிற நீங்களும் வரி கட்டுகிறீர்கள்.

கணக்கு சுலபம்தான். சீசன் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை உங்கள் மொத்தப் பணி நாட்கள் 200, அதில் கலிஃபோர்னியாவில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 6 சதவீதம் அந்த மாநிலத்தின் கணக்கு. சம்பளம் 96,000 டாலர் என்றால் 5,760. ஆனால் வரி விகிதத்தை இந்தத் துண்டுப் பணத்தை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். உங்கள் முழு வருமானத்தையும் வைத்துத்தான். திருமணமாகாத ஒருவருக்கு வரி 300 டாலருக்குச் சற்றுக் கீழே வரும்.

ஒஹாயோ, நியூயார்க் எல்லாம் இதே கதை, விகிதம்தான் வேறு. ஃபுளோரிடா, டென்னஸி கேட்காது.

டெக்சாஸ்காரருக்கு இதில் ஒரு கசப்பு உண்டு. சொந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவர், வெளியூரில் கட்டியதைப் பெரும்பாலும் அங்கே கழித்துக்கொள்வார். உங்களுக்குக் கழிக்க அங்கே வரியே இல்லை. கட்டியது கட்டியதுதான்.

அந்த '20 சதவீத' ஆசாமி என்ன செய்வார் தெரியுமா? கலிஃபோர்னியாவில் வெளியூர்க்காரர் போடும் 540என்ஆர் படிவத்தில், அங்கே சம்பாதித்தது பூஜ்யம் என்று எழுதுவார். பணம் வந்துவிடும், ஏனென்றால் முதலில் பார்ப்பது கணினி. அவர் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிறகொரு நாள் வட்டியும் அபராதமும் சேர்த்து நோட்டீஸ் வரும்போது அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கையெழுத்து உங்களுடையது. கூலி வாங்கி ரிட்டர்ன் தயாரிப்பவர் மத்திய வரித்துறை கொடுத்த தன் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். "நீங்களே போட்டதாக இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்ட் விழ வேண்டிய வங்கிக் கணக்கு யாருடையது என்றும் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவரின் படிவத்தில் அது தயாரித்தவரின் கணக்காக இருந்தது.

சரி, நியாயமாகத் திரும்ப வருவது எதுவுமே இல்லையா? உண்டு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2008-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, ஒஹாயோவில் உள்ள கிளீவ்லாந்துக்கு ஆடப் போனது. ஜெஃப் சாட்டர்டே என்ற வீரர் காயத்தால் ஊரிலேயே தங்கி சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். கிளீவ்லாந்து நகரில் கால் வைக்காதவரிடமும் அந்த நகரம் வரி பிடித்தது. 2015-இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம், ஊரில் இல்லாதவனுக்கு வரி கிடையாது என்று சொன்னது. அதே வருஷம் சிகாகோ பேர்ஸ் வீரர் ஹில்லன்மையர் வழக்கிலும் கிளீவ்லாந்து தோற்றது. சீசனின் 20 ஆட்டத்தில் ஒன்று தங்கள் ஊரில் என்று அவர் சம்பளத்தில் 5 சதவீதத்தைத் தங்கள் கணக்கில் எடுத்தார்கள். பணி நாளாக எண்ணினால் சுமார் ஒன்றேகால் சதவீதம்தான்.

இதில் உங்களுக்கு என்ன என்கிறீர்களா? கணுக்கால் பிசகிய வீரரோடு நீங்கள் ஊரிலேயே தங்கிய வாரங்கள் இருக்குமே. அணி ஆடியது கிளீவ்லாந்தில், நீங்கள் ஐஸ் பை வைத்துக்கொண்டிருந்தது டெக்சாஸில். ஆனால் சம்பளப் பிரிவு பல இடங்களில் ஆட்டப் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்துவிடும். அந்த நாட்கள் மொத்தக் கணக்கில் நிற்கும், கிளீவ்லாந்து கணக்கில் நிற்காது. ஆட்டமோ பயிற்சியோ இல்லாமல் விமானத்திலேயே கழிந்த நாளையும் பொதுவாக அந்த ஊர்க் கணக்கில் ஏற்றமாட்டார்கள்.

ஆகவே அணி நிர்வாகத்திடம் பயணிகள் பட்டியலைக் கேளுங்கள். அதை டபிள்யூ-2 மாநில வரிகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத மாநிலத்தில் உண்மையான நாட்களை எழுதி ரிட்டர்ன் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் கேளுங்கள். கிளீவ்லாந்து, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களுக்குத் தனிப் படிவம் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

பல மாநிலப் படிவம் போட்டுப் பழகிய, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி சொல்கிற ஆடிட்டரைப் பிடியுங்கள். கூலி கடிக்கும். 31 டாலர் வரிக்கு 60 டாலர் கொடுத்து ரிட்டர்ன் போட்ட வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. இந்த நாட்டில் இத்தனை மாநிலங்களும் உட்கார்ந்து பேசி இதை ஒரே படிவமாக்க முப்பது வருஷத்துக்கு மேலாகியும் நேரம் கிடைக்கவில்லை.