பூஸ்டர் மாட்டியதும் வால்வு ஆடினால் பைபாஸ் ஊசியைப் பாருங்கள்

வணக்கம் சார். கப்பலூர் ஆலையில் ஸ்டீம் வால்வு மந்தமாகத் திறக்கிறது என்று வால்யூம் பூஸ்டர் (வால்வுக்குப் போகும் காற்றைப் பெருக்கி வேகம் கூட்டும் கருவி) போட்டீர்கள். இப்போது வால்வு ஒரு நிலையில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடுகிறது என்கிறீர்கள். வால்வு எவ்வளவு திறக்கணும் என்று காற்றழுத்தத்தால் சொல்லும் பொசிஷனரைக் கழற்றாதீர்கள், அது பாவம்.

பொசிஷனர் காற்று பூஸ்டருக்கு வெறும் சிக்னல்தான். பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற வளையும் தகட்டுக்கு மேலே சிக்னல், கீழே ஆக்சுவேட்டர் (காற்றால் வால்வை நகர்த்தும் பகுதி) அழுத்தம். சிக்னல் கூடினால் சப்ளை திறந்து காற்று மொத்தமாகப் பாயும். குறைந்தால் எக்ஸாஸ்ட் திறந்து காற்று வெளியேறும். சிக்னல் காற்றில் கொஞ்சத்தை நேராக ஆக்சுவேட்டர் பக்கம் விடும் பைபாஸ் ஊசியை இறுக்கி மூடியிருந்தால் சின்ன மாற்றத்துக்கும் பூஸ்டர் துள்ளும். உங்கள் ஆட்டம் பெரும்பாலும் அதுதான்.

கண்ட்ரோல் லூப்பை மேனுவலில் (சிக்னலை நாமே கையால் கொடுக்கும் நிலையில்) வைத்து, ஊசியை நாலு சுற்று திறங்கள். ஆட்டம் அடங்கியதும் கால் கால் சுற்றாக மூடி, ஒவ்வொரு முறையும் சிக்னலை ஏற்றி இறக்கிப் பாருங்கள். 2 சதவீதம் இறக்கும்போது எக்ஸாஸ்டில் 'புஸ்' கேட்கக்கூடாது. 25 சதவீதத்துக்குக் கேட்கணும். முழுசாக மூடவே மூடாதீர்கள்.

வேகம் போதவில்லையென்றால் கால் இஞ்ச் டியூபைச் சந்தேகியுங்கள். பூஸ்டர் போர்ட் அரை இஞ்ச் என்றால் ஹெடர் என்ற முதன்மைக் காற்றுக் குழாயிலிருந்து ஆக்சுவேட்டர் வரை அரை இஞ்ச் வேண்டும், ஃபில்டர் ரெகுலேட்டர் உட்பட. வால்வு ஓடும்போது சப்ளை கேஜ் 4 பாரிலிருந்து 3க்கு விழுந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஆக்சுவேட்டர் வாயில் வழியைக் குறுக்கும் ரெட்யூசர் புஷ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.