மகள் சைக்கிளில் விழுந்ததில் ரத்தம் வந்தது. கன்னித்திரை கிழிந்திருந்தால், பின்னால் உதவும் என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி வைக்கலாமா?

வாங்காதீர்கள். மாமியார் சொல்லித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெற்ற அம்மாவுக்கு இந்த யோசனை வராது என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் அம்மாவுக்கு வந்தது.

எட்டாவது படிக்கும்போது அப்பாவின் சைக்கிளில் குரங்குப்பெடலை விட்டு சீட்டில் ஏறப்போய், கால் வழுக்கி பார் மேல் விழுந்தேன். பாவாடையெல்லாம் ரத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, வெளித்தோல்தான் கிழிந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று தையல் போட்டார். அம்மா அழுது புலம்பி அதையே லெட்டராக எழுதி வாங்கினார். பீரோவில் நிலப் பத்திரத்தோடு கிடந்தது அது. எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் ஜெராக்ஸ் வேறு போட்டார்! மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீட்டியிருப்பார் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அத்தோடு சைக்கிள் தம்பிக்குப் போனது. டைப்ரைட்டிங் கிளாசுக்கு நான் நடந்தேன். அவன் அதை டீக்கடை வாசலில் பூட்டாமல் விட்டுத் தொலைத்தான், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அது வேறு கதை.

நான் டாக்டர் இல்லை, படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதுதான். கன்னித்திரை என்கிற அந்தச் சவ்வு மூடிபோட்ட சீல் கிடையாது, ஓரமாக வளையம் போலவோ பிறை போலவோ இருக்கும் மடிப்பு. அடைத்திருந்தால் மாதவிடாய் எப்படி வெளியே வரும்? அபூர்வமாகச் சிலருக்கு அடைத்தே இருக்கும், சின்ன ஆபரேஷன் செய்து திறப்பார்கள். சைக்கிள் பாரில் விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்கம். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், சின்னக் காயத்துக்கே பயமுறுத்தும். 'சைக்கிள் ஓட்டினாலே கிழியும், கவலைப்படாதே' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர்களும் கிழிந்ததற்குச் சாக்குதான் தேடித் தருகிறார்கள். பருவ வயதில் அது விரிந்துகொடுக்கும், முதலிரவில் ரத்தமே வராதவர்கள் ஏராளம். பார்த்து, தொட்டு எந்த டாக்டராலும் ஒருத்தி கன்னியா இல்லையா என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமே 2018-இல் இந்தச் சோதனையை நிறுத்தச் சொன்னது. பலாத்கார வழக்குகளில் பெண்ணுறுப்புக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்துவந்த இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் கடுமையாகக் கண்டித்தது. கன்னித்தன்மைச் சோதனை அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கலாச்சாரத்தைக் கெடுக்கிறேன் என்று திட்ட வருகிறவர்கள் அந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

சுத்தமான துணியை அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, வீக்கம் கூடினாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ இன்றே கூட்டிப்போங்கள். எப்படி விழுந்தாள் என்று டாக்டர் அவளிடம் தனியாக விசாரித்தால் கோபப்படாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் அதைக் கேட்பது அவர்கள் கடமை.