ஒரு சொட்டு ரத்தத்தில் அல்சைமர் தெரியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சில மாதங்களாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒரு சொட்டு ரத்தத்தில் அல்சைமரை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பயோசென்சர் வந்துவிட்டதாகப் படித்தேன். அம்மாவுக்கும், 41 வயதான எனக்கும் செய்துபார்க்கலாமா?

பதில்: சென்சார் இருக்கட்டும், முதலில் உங்கள் தாயாரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் படிகின்றன. மறதி தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது. அவற்றில் சிறிதளவு ரத்தத்திலும் கலக்கிறது. பயோசென்சரில், தங்கம் அல்லது கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் படலம்) மின்முனையின் மேல், அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை ஒட்டியிருப்பார்கள். புரதம் வந்து ஒட்டியதும் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து அளவைக் கணக்கிடுவார்கள். ஆனால் தேடும் பொருள் பிக்கோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் பிக்கோகிராம். ரத்தத்தில் மிகுந்திருக்கும் பிற புரதங்களும் மின்முனையில் படிந்து கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன.

லேபில் செய்யும் ரத்தப் பரிசோதனை வேறு. பி-டௌ217 (டௌ புரதத்தின் ஒரு வடிவம்), அமிலாய்டு இரண்டையும் அளக்கும் ஒன்றுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி அளித்தது. அதுவும் 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறிகுறி உள்ளவர்களுக்குத்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தாலே பி-டௌ217 கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே மறதி இல்லாத உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். நோய் எப்போது வரும், வருமா என்பதைக்கூட அந்த எண் சொல்லாது, தூக்கம்தான் கெடும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

அம்மாவிடம் மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார். பிறகு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார். எண்கள் ஒரே பக்கம் குவிந்தாலோ, முள்ளை எங்கே போடுவது என்று அவர் திகைத்தாலோ, மருத்துவர்களான எங்களுக்கு அது முக்கியமான தடயம். அடுத்து வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகள், மூளை ஸ்கேன். பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையில் பெரும்பாலும் குறையும். சென்சாருக்காகக் காத்திருந்து இவற்றைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை உட்பட. இவையும் மறதியை உண்டாக்கக்கூடும்.